பதினைந்து வருடமா, இன்றைக்கே வீடா? அரசுத் தரப்பு வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்கக் கோர்ட்டுகளில் அரசுத் தரப்பில் நிற்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். நான் சட்டம் படித்தவள் இல்லை. டர்பன் சட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தோறும் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் கோர்ட்டு, கேஸ் என்று ஏதாவது வந்துவிட்டால் துணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஃபாரம் நிரப்புவேன். பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே என்ன சொன்னார்கள் என்று மெதுவாக எடுத்துச் சொல்வேன். அப்படியே பல வருடம் உங்கள் நீதிமன்றங்களின் வராந்தா பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதே மடலை ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழில் இங்கே போடுவது, நம் வீட்டுப் பெரியவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று கோர்ட்டு வராந்தாவில் நடக்கும் பேரத்தைப் பற்றித்தான் இந்த மடல். அதற்கு ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தக் கோர்ட்டு, எந்த வருடம் என்று சொல்லப்போவதில்லை. அவன் இன்னும் இதே ஊரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

என்னிடம் படித்தவன். 'ழ' வராமல் அழுதவன். அவனுக்கு அப்போது இருபது வயது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டாளிகள் இரண்டு பேரோடு காரில் போனான். பெட்ரோல் கராஜ் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு அந்த இருவரும் இறங்கினார்கள். திரும்பி ஓடி வந்தபோது அவர்கள் கையில் வேறொருவரின் ஃபோனும் பர்ஸும் இருந்தன. இவன் பின்சீட்டில் இருந்தான். பறிகொடுத்தவர், ஒருவன் கையில் துப்பாக்கி இருந்தது என்று சொன்னார். துப்பாக்கி கிடைக்கவில்லை. மூன்று பேர் மேலும் ஒரே குற்றச்சாட்டு: ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்தது.

அந்த ஒரு வரி என்னவெல்லாம் செய்தது என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. 1997ஆம் வருடத்து 105ஆம் சட்டத்தின் 51ஆம் பிரிவுப்படி அந்தக் குற்றத்துக்கு, முதல் தடவை செய்தவனுக்கே குறைந்தது 15 வருடம். இரண்டாம் தடவை என்றால் 20, மூன்றாவது என்றால் 25. துப்பாக்கி என்று எழுதிவிட்டால் ஜாமீனும் தலைகீழ். ஏன் உள்ளே வைக்க வேண்டும் என்று நீங்கள் காட்ட வேண்டியதில்லை. விதிவிலக்கான காரணம் என்ன இருக்கிறது, ஏன் வெளியே விட வேண்டும் என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். பின்சீட்டில் இருந்தேன் என்பது விதிவிலக்கான காரணம் இல்லையாம். பதினோரு மாதம் உள்ளே இருந்தான்.

பதினோரு மாதத்தில் எத்தனை வாய்தா என்று நான் எண்ணவில்லை. அவனுடைய ஆயா எண்ணினார். ஒவ்வொரு தடவையும் கோர்ட்டு வாசல் சுவரில் ஒட்டிய பட்டியலில் பேரன் பெயரை விரலால் தேடுவார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பெயர் எப்படி இருக்கும் என்று அந்த எழுத்துகளின் உருவத்தை மட்டும் மனசில் வைத்திருந்தார். ஐஸ்கிரீம் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு வருவார். அதை உள்ளே கொடுக்க விடமாட்டார்கள் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கட்டிக்கொண்டு வந்தார்.

கடைசி நாள் காலையில், அரசு செலவில் அவனுக்கு வைத்திருந்த வக்கீல் எங்களிடம் வந்தார். சின்ன வயதுப் பெண், கையில் ஏழெட்டு ஃபைல். நல்ல மனசுக்காரர், அதில் சந்தேகமே இல்லை. பெஞ்சு நுனியில் உட்கார்ந்து சொன்னார்: "விசாரணைக்குப் போனால் பதினைந்து வருடம் வரலாம். திருட்டு என்று ஒப்புக்கொண்டால் மூன்று வருடம், அதுவும் முழுக்க நிறுத்தி வைக்கச் சொல்லலாம். அரசுத் தரப்பு எதிர்க்காது. இன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இப்போதே சொல்ல வேண்டும், பத்து மணிக்கு கேஸைக் கூப்பிடுவார்கள்."

நான் அதை ஆயாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், அவன் செஞ்சானா இல்லையான்னு யாராவது கேட்டாங்களா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வக்கீல் படியிறங்கிக் கீழே லாக்கப்புக்குப் போனார். கால் மணி நேரத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தார். உள்ளே மாஜிஸ்ட்ரேட், இது உன் சொந்த விருப்பத்தில் கொடுத்த வாக்குமூலமா, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். யாரும் வற்புறுத்தவில்லை என்றான். அன்றைக்குச் சாயங்காலம் அந்த டப்பாச் சோற்றை வேனிலேயே சாப்பிட்டான். தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "படிச்சுப் பார்க்கல டீச்சர்" என்றான். அவர்கள் திருடப் போகிறார்கள் என்று தனக்கு முன்பே தெரியும் என்று அவன் சொன்னதாக அதில் எழுதியிருந்தது.

நாலு மாதம் கழித்து மற்ற இருவர் மேலும் இருந்த வழக்கு வாபஸ் ஆனது. பறிகொடுத்தவர் நாட்டை விட்டே போய்விட்டார், சாட்சி இல்லை. காரை விட்டு இறங்கி ஓடியவர்கள் பேரில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தவன் பேரில் எஸ்.ஏ.பி. 69 என்ற போலீஸ் குற்றப் பதிவுத் தாளில் திருட்டு என்று பதிந்திருக்கிறது. அதை அழிக்க மனுப் போடுவதற்கே பத்து வருடம் கழிய வேண்டும்.

சாட்சி போய்விட்டது அந்தக் காலையில் உங்களில் ஒருவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரியாமலும் இருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. வழக்கு பலமாக இருந்தால் நீங்கள் ஏன் இறங்கி வரப்போகிறீர்கள்? பலவீனமாக இருக்கும்போதுதான் விலை இறங்குகிறது. பதினைந்து வருடத்திலிருந்து இன்றைக்கே வீடு வரை ஒரே காலையில் இறங்கினால், அந்த வழக்கில் என்ன இருந்தது? குற்றம் செய்யாதவனுக்கு எதிரான வழக்குதான் எப்போதும் ரொம்பப் பலவீனமானது. அப்படியானால் ஆசை காட்டும் பேரம் குற்றம் செய்யாதவன் வாசலுக்குத்தான் முதலில் வந்து நிற்கும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். தண்டனையைத் தீர்மானிப்பது மாஜிஸ்ட்ரேட், நாங்கள் இல்லை என்பீர்கள். 2001ல் மல்காஸ் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துக் காட்டுவீர்கள்: குறைந்தபட்சத் தண்டனை அநியாயமாக இருக்கும் என்றால், கணிசமான, வலுவான காரணங்களைக் காட்டி நீதிபதி அதைக் குறைக்கலாம். சரிதான். ஆனால் எதைக் குற்றப்பத்திரிகையில் எழுதுவது என்பது உங்கள் பேனாவில் இருக்கிறது. 'கொள்ளை' என்று எழுதுவதற்கும் 'திருட்டு' என்று எழுதுவதற்கும் நடுவில் 15 வருடம் இருக்கிறது. நீதிபதி குறைக்கலாம் என்ற நம்பிக்கையை வைத்து இருபது வயதுப் பையன் சூதாட மாட்டான். அவன் காதில் அந்த எண் மட்டும்தான் விழும்.

எழுதும் பேனா எவ்வளவு தூரம் போகும் என்பதை நாம் எல்லோரும் மரிக்கானா என்ற சுரங்க ஊரில் பார்த்தோம். 2012 ஆகஸ்ட் 16ஆம் தேதி அங்கே போலீஸ் 34 சுரங்கத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு, செத்துப்போன தங்கள் தோழர்களையே கொன்றதாக, கைதான 270 பேர் மேல் கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. பொது நோக்கம் என்ற கோட்பாட்டை, அதாவது ஒரே நோக்கத்தோடு சேர்ந்து நின்றால் ஒருவர் செய்தது எல்லோர் தலையிலும் விழும் என்பதை, அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். நாடே கொதித்தது, சில நாட்களில் அந்தக் குற்றச்சாட்டைத் தற்காலிகமாக வாபஸ் வாங்கினார்கள். அன்றைக்கு நாடு பார்த்துக்கொண்டிருந்தது. பின்சீட்டுப் பையனுக்காகக் கொதிக்க ஆயாவையும் என்னையும் தவிர யாரும் இல்லை.

இன்னொன்று. 1995ல் நம் அரசியல் சாசன நீதிமன்றம் தன் ஆரம்பத் தீர்ப்புகளில் ஒன்றிலேயே ஒரு பழைய சட்டப்பிரிவைத் தள்ளுபடி செய்தது. மாஜிஸ்ட்ரேட் முன்னால் எழுதி வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் சொந்த விருப்பத்தில் கொடுத்ததில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவனே நிரூபிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொன்னது. இல்லை, விருப்பத்தோடு கொடுத்ததுதான் என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். எத்தனையோ பேர் ஸ்டேஷனில் அடிபட்டு எழுதிக் கொடுத்த நாடு இது, அதனால் அந்தத் தீர்ப்பின் அருமை எங்களுக்குத் தெரியும். சரி, ஒரு போலீஸ்காரர் ஸ்டேஷனில் வைத்து, "கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே வீடு, போடாவிட்டால் பதினைந்து வருடம்" என்று சொல்லி ஒரு வாக்குமூலம் வாங்கியிருந்தால், அதைக் கோர்ட்டில் வைக்க நீங்களே தயங்குவீர்கள். அதே வார்த்தை கோர்ட்டுப் படிக்குக் கீழே, நடுவில் ஒரு வக்கீல் வழியாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் விருப்பம் ஆகிவிடுமா? வக்கீல் இருந்தது பெரிய வித்தியாசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால் மணி நேரத்தில் அவர் என்ன செய்திருக்க முடியும்?

முறையான வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2001ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி பேசுவதற்கு உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இருக்க வேண்டும். விசாரணை அதிகாரியைக் கேட்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் தன் கருத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நீதிபதி பேச்சுவார்த்தையில் கலந்துகொள்ளக் கூடாது. பேசி முடித்த தண்டனை நியாயமாக இல்லை என்று நீதிபதி சொல்லி, இரு தரப்பில் ஒருவர் விலகிக்கொண்டால், வேறொரு நீதிபதி முன்னால் விசாரணை புதிதாகத் தொடங்கும். அங்கே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. நன்றாக யோசித்து எழுதிய பிரிவு அது. ஆனால் நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அந்த வழியில் போகவில்லை. அதே சட்டத்தின் 112ஆம் பிரிவின் கீழ் வெறும் ஒப்புதல். அதற்குப் பின்னால் வராந்தாவில் வாய்மொழியாக ஒரு புரிதல். தாளில் ஒப்புதல் மட்டும் இருக்கும். எதைக் காட்டி அது வாங்கப்பட்டது என்பது இருக்காது. பையனுடைய கேஸ் கட்டில் 'பதினைந்து' என்ற சொல்லை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

காசு இருக்கிறவர்களுக்குப் பேரம் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்தோம். 2005 ஜனவரியில் கேப்டவுனில், பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க் தாட்சர், ஈக்குவடோரியல் கினியாவில் ஆட்சியைக் கவிழ்க்க நடந்த சதி தொடர்பான வழக்கில், உங்களோடு பேசி முடித்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 30 லட்சம் ராண்ட் அபராதம், நிறுத்தி வைத்த நாலு வருடத் தண்டனை. நாட்டை விட்டுப் போனார். அவருக்குக் கொடுத்தது தப்பு என்று நான் வாதாட வரவில்லை. பெரிய வக்கீல்கள் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து, நாள் கணக்கில் பேசி முடித்திருப்பார்கள். அதுதான் பேச்சுவார்த்தை. லாக்கப்புக் கம்பி வழியாகக் கால் மணி நேரத்தில் நடப்பதற்கும் அதே பெயர் எப்படிப் பொருந்தும்?

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று தெரிய வேண்டுமானால் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கென்டக்கி மாநிலத்தில் பால் ஹேய்ஸ் என்று ஒருவர். 88 டாலர் 30 செண்டுக்குக் கள்ளச் செக். அந்தக் குற்றத்துக்கு இரண்டிலிருந்து பத்து வருடம் வரை தண்டனை. ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம் கேட்கிறேன், விசாரணை நடத்தும் தொல்லையைக் கோர்ட்டுக்குக் கொடுத்தால் பழங்குற்றவாளிச் சட்டத்தில் ஆயுள் தண்டனை கேட்பேன் என்றார் அரசு வழக்கறிஞர். ஹேய்ஸ் விசாரணை கேட்டார். ஆயுள் தண்டனை கிடைத்தது. 1978ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், அது செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு வந்து முப்பத்துச் சொச்சம் வருடத்தில், 2012ல், அதே நீதிமன்றமே எழுதியது: மத்திய அரசு வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் நூற்றுக்கு 97 பேர், மாநில வழக்குகளில் 94 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். விசாரணை என்பதே அபூர்வமாகிவிட்டது. ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற 26 வயதுக் கணினிக்காரர் கல்விக் கட்டுரைகளை மொத்தமாக இறக்கியதற்காக 13 குற்றச்சாட்டுகளைச் சுமந்தார். எல்லாம் சேர்த்துப் பல பத்து வருடம் வரை போகக்கூடியவை. பேரத்தில் சொன்னதோ சில மாதம். விசாரணை தொடங்கும் முன்னே, 2013 ஜனவரி 11ல், உயிரை விட்டார். நம் நாடு அந்த இடத்துக்குப் போய்விடவில்லை. போய்விடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு இந்த மாதிரி 'சம்மதம்' புதிதும் இல்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராசிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த டிரூரோ கப்பலிலிருந்து தொடங்கிக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் எங்கள் முன்னோர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் சுதந்திரமாக இருக்கலாம் என்பது பேச்சு. 1895ல், டர்பன் இருக்கும் பகுதியை அப்போது ஆண்ட நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், அல்லது வருடத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். முதல் வருடக் கூலி மாதம் பத்து ஷில்லிங். அந்தக் கணக்கில் மூன்று பவுன் என்பது ஆறு மாதக் கூலி. எத்தனையோ பேர் மறுபடி கைநாட்டு வைத்தார்கள். அந்தத் தாள்களைப் பார்த்தால் எல்லாமே சொந்த விருப்பத்தில் வைத்த கைநாட்டு மாதிரிதான் தெரியும். ஊர்வலமும் சிறையும் சாவும் ஆன பிறகு 1914ல்தான் அந்த வரி ஒழிந்தது. பையன் கையெழுத்துப் போட்ட தாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைநாட்டுகள்தான் ஞாபகம் வருகின்றன.

துப்பாக்கி முனையில் நிற்பது என்ன என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் புகுந்து எல்லோரையும் தரையில் படுக்க வைத்தார்கள். அந்த வீட்டம்மா இன்னும் இருட்டினால் கேட்டைத் திறப்பதில்லை. அப்படிச் செய்தவர்களுக்கு 15 வருடம் கேளுங்கள், நானே வந்து முன்வரிசையில் உட்காருகிறேன். உண்மையாகவே செய்தவன் ஒப்புக்கொண்டால் அந்தம்மா சாட்சிக் கூண்டில் ஏறி மறுபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்காது. அது பெரிய நிம்மதி. உங்கள் மேஜையில் குவிந்திருக்கும் டாக்கெட்டுகளையும், அதாவது போலீஸ் அனுப்பிய கேஸ் கட்டுகளையும், பார்த்திருக்கிறேன். ஒருத்தர் ஒரே காலையில் எத்தனை பேருக்காக எழுந்து நிற்க முடியும்? ஆனால் உங்கள் வேலைச் சுமையை இறக்கி வைக்கும் இடம் இருபது வயதுப் பையனின் தலை இல்லை. தவிர, பின்சீட்டில் இருந்தவனை ஒப்புக்கொள்ள வைத்ததால், பறிகொடுத்த அந்த மனிதருக்கு என்ன நியாயம் கிடைத்தது? துப்பாக்கி வைத்திருந்தவன் யார் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. டாக்கெட்டில் இருக்கும் சாட்சியம் எதைத் தாங்குமோ அதை மட்டும் முதல் நாளே எழுதுங்கள். அப்புறம் இறங்கிக் கொடுப்பதற்காக உயர்த்தி எழுதாதீர்கள். வராந்தாவில் சொல்லும் பேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், ஒப்புக்கொண்டால் என்ன, மறுத்தால் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று இரண்டையும். அந்தத் தாளை மாஜிஸ்ட்ரேட் பார்க்கட்டும். யாராவது வற்புறுத்தினார்களா என்று அவர் கேட்கும்போது, எந்த எண்ணுக்குப் பயந்து அந்தப் பையன் அங்கே நிற்கிறான் என்று அவருக்கும் தெரிந்திருக்கட்டும். யோசிக்க ஒரு ராத்திரியாவது கொடுங்கள்; பத்து மணி கேஸுக்கு ஒன்பதே முக்காலுக்குச் சொல்வது யோசிக்கச் சொல்வது ஆகாது. ஒருவன் விசாரணை கேட்டான் என்ற ஒரே காரணத்துக்காக அவன் மேல் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். சாட்சி இருக்கிறாரா, வருவாரா என்பதைப் பேரம் பேசும் முன்னே விசாரித்து, தெரிந்ததை எதிர்த்தரப்பு வக்கீலிடம் சொல்லுங்கள். இதில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.

வருகிற திங்கட்கிழமை எங்கள் பகுதிப் பையன் இன்னொருவனுக்கு வாய்தா. பத்தொன்பது வயது. இவன் காரில்கூட இல்லை, கார் மட்டும் இவனுடையது என்கிறார்கள். அவன் அம்மா என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எட்டரைக்கெல்லாம் அந்தப் பெஞ்சில் இருப்போம். இந்தத் தடவை ஒரு நோட்டு கொண்டு வருகிறேன். உங்களில் யாராவது வெளியே வந்து பேரம் சொன்னால், தயவு செய்து கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். நான் அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
சட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தமிழ் டீச்சர்